மறு: குளம் தோண்டுற காசு

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்,

எங்கட ஊர்ச் சங்கத் தலைவர் அண்ணையின்ர மடலையும் அதுக்குக் கீழ வந்த பதில் எல்லாத்தையும் இரவு வேலையால வந்து இருந்து வாசிச்சன். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், மெல்பேண் எல்லாம் ஒரே குரல்: ஊர்க்குளம் தூர்ந்து போச்சு, பெக்கோ (மண் தோண்டுற மெசின்) பிடிச்சுத் தோண்டுவம். மறுத்து ஒருத்தரும் எழுதேல்லை. அதனால நான் எழுதுறன். கோவிக்காதேங்கோ.

போன ஐப்பசியில அம்மாவின்ர திவசத்துக்குப் போய் மூண்டு கிழமை வன்னியில எங்கட ஊரில நிண்டனான். வந்த மறுநாளே குளக்கட்டில ஏறிப் பார்த்தன். அண்ணை எழுதினது உண்மை. நாங்கள் மாட்டை இறக்கிக் குளிப்பாட்டின இடத்தில சம்பும் கோரையும் ஆளுயரத்துக்கு நிக்குது. நாங்கள் நீந்தப் பயந்த இடத்தில கொக்கு முழங்கால் நனையாமல் நிக்குது. குளம் தூர்ந்து போச்சு, அதில வாக்குவாதம் இல்லை. ஆனா அவ்வளவு மண்ணும் எங்க இருந்து வந்தது எண்டு இந்தப் பதில்கள் ஒண்டிலயும் ஆரும் கேக்கேல்லை.

நான் வந்து நாலாம் நாள் முதல் மழை. பின்னேரம் ஒரு மணித்தியாலம் அடிச்சு ஊத்தினது. விட்டவுடன குடையோட அலைகரைப் பக்கம், அதாவது குளத்துக்குத் தண்ணி வந்து சேருற மேல்பக்கம், நடந்தன். முதல்ல வாறது எங்கட தம்பியின்ர கச்சான் (நிலக்கடலை) காணி, அதால சொந்தக் குற்றத்தில இருந்தே தொடங்கலாம். நாலு சில்லு மெசினால உழுதிருக்கிறான். உழவுச் சால் எல்லாம் நேர குளத்தைப் பார்த்துக் கிடக்குது. ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வாய்க்கால், ஒவ்வொண்டிலயும் செங்கபிலத் தண்ணி ஓடுது. குனிஞ்சு பார்த்தால், ஒவ்வொரு சின்னக் கல்லுக்குக் கீழயும் மண் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தூண் மாதிரி நிக்குது. கல்லு குடை பிடிச்ச இடத்தில மட்டும் மண் தப்பியிருக்கு. சுத்திவர இருந்தது போட்டுது. அந்தத் தூணின்ர உயரம்தான் ஒரு மழையில போன மண்.

"எங்கட நிலம் தட்டை, மலைநாடு மாதிரி இங்க மண் கரையாது" எண்டு சின்னனில இருந்து கேட்டிருப்பீங்கள். 1951இல 25ஆம் இலக்க மண்காப்புச் சட்டம் வந்ததும் தேயிலை மலையளுக்கு மட்டும்தான் எண்டு எங்கட ஆக்கள் நினைச்சிருக்கினம். வன்னியின்ர செங்கபில மண்ணைக் கோடையில தொட்டுப் பாருங்கோ, சீமெந்து மாதிரி. முதல் மழைத்துளி விழுந்தவுடன மேல்பக்கம் பசைஞ்சு, தோல் மாதிரிப் படைகட்டி மூடிக்கொள்ளும். தண்ணி கீழ இறங்காமல் மேலால ஓடத் தொடங்கும். வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எண்ட மூண்டு மாசத்துக்குள்ள கொட்டித் தீர்க்குது. அதில முதல் மழை வரேக்க காணியில ஒரு பச்சை இல்லை, உழுது விதைச்ச வெறும் மண். நூறடிக்கு ரெண்டடி சரிவு போதும் அதைக் குளத்துக்குக் கொண்டு போக.

தம்பிக்கு இதை நான் வேற மாதிரிச் சொன்னன், அவன் டிப்பர் வைச்சிருக்கிறவன் எண்டபடியால். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதில ஒரு அங்குல மண் போனால் 3,630 கன அடி. நூறு கன அடி ஒரு கியூப், அந்தக் கணக்கில 36 கியூப். மூண்டு கியூப் டிப்பரில பன்னிரண்டு லோட். "உன்ர காணியில இருந்து ஆரும் பன்னிரண்டு டிப்பர் மண் களவா ஏத்தினால் நீ பொலிசுக்குப் போவியோ இல்லையோ?" எண்டு கேட்டன். சிரிச்சான். பிறகு இரவு சாப்பிடேக்க, "அக்கா, அது மேல் மண்தானே, பசளை எல்லாம் அதிலதானே" எண்டு தானாச் சொன்னான். அந்த ஒரு அங்குலம் திரும்ப உருவாகப் பல நூறு வருசம் எடுக்கும். (ஆத்து மணல் ஏத்துற டிப்பர்காரரைப் பற்றி இதில எழுதேல்லை. அதுக்குத் தனி மடல் வேணும், துணிவும் வேணும்.)

முந்தி ஏன் இப்படித் தூரேல்லை? முந்தியும் மழை பெய்தது, முந்தியும் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்தவை. எங்கட அப்பு அலைகரைக்கு மேல இருந்த மருது, நாவல், இலுப்பை வரிசையில ஒரு கொப்பு முறிக்க விடமாட்டார். மரத்துக்கும் தண்ணிக்கும் இடையில ஒரு புல்லுப் பட்டை. வாற தண்ணி அதில இடறி, மண்ணைப் போட்டிட்டுத் தெளிஞ்சு குளத்துக்குள்ள இறங்கும். சிங்கள ஊர்களில இதுகளுக்கு ஒவ்வொரு பேர் இருக்கு: மேல்கரை மரங்களுக்கு கஸ்கொம்மன, புல்லுப் பட்டைக்குப் பெரஹன, கட்டுக்கும் வயலுக்கும் இடையில உப்பை மறிக்கிற மரக்காட்டுக்குக் கட்டகடுவ. 2017இல ஐ.நா.வின்ர உணவு விவசாய நிறுவனம் இலங்கை உலர்வலயத்தின்ர இந்தத் தொடர்குளக் கிராமங்களை உலக விவசாய மரபுப் பட்டியலில சேர்த்தது. அப்பு பேர் ஒண்டும் சொல்லேல்லை, "அதில கத்தி வைக்காதே" எண்டு மட்டும் சொல்லுவார். கோடையில குளம் வத்தினால் அடி வண்டலை வண்டியில ஏத்தித் தென்னை அடிக்குப் போடுவார். போன மண்ணைத் திருப்பி எடுக்கிற வேலை அது, பெக்கோ இல்லாமல்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 70களில மிளகாய், வெங்காய இறக்குமதி நிண்ட நேரம் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் எல்லாம் காடு வெட்டி மிளகாய் வைச்ச காலத்தில கொஞ்ச மரம் போனது. சண்டைக் காலத்தில விறகுக்கும் பங்கருக்கும் போனது. நாங்கள் 2010இல திரும்பி வரேக்க காணி எல்லாம் பத்தை. டோசர் விட்டுத் துப்புரவாக்கினம். பத்தையோட சேர்த்து மேல் மண்ணையும் தள்ளி வேலியோரம் குவிச்சம். அப்ப ஆருக்கு மண்ணைப் பற்றி யோசிக்க நேரம்? மிதிவெடி இல்லாத காணி கிடைச்சால் காணும் எண்டு இருந்தம்.

இப்ப பெக்கோவுக்கு வாறன். இதை முந்தி ஒருக்காச் செய்தனாங்கள் எண்டதை ஏன் ஒருத்தரும் எழுதேல்லை? அப்ப நான் பொருளாளர், என்ர கையாலதான் காசு போனது. ஒப்பந்தக்காரர் குளத்தின்ர நடுவில கிடங்கு கிண்டி, அந்த மண்ணை அலைகரையிலேயே கும்பி கும்பியாப் போட்டிட்டுப் போனார். அடுத்த மாரியில அவ்வளவும் திரும்பக் குளத்துக்குள்ள. கிடங்கில தண்ணி நிண்டது உண்மை. ஆனா அது துருசு (வயலுக்குத் தண்ணி திறக்கிற மதகு) மட்டத்துக்குக் கீழ நிண்ட தண்ணி. துருசால வெளியில வராத தண்ணி வயலுக்கு எப்பிடிப் போகும்? எருமை கிடந்து ஊறினது. வெளிக்குளத்துச் சித்தப்பா பம்ப் வைச்சு இறைச்சவர், டீசல் விலை பார்த்திட்டு விட்டிட்டார். அதைவிட மோசம், ஒரு மூலையில ஆழமாக் கிண்டினதில அடியில இருந்த களிமண் படை உடைஞ்சு போச்சு. இப்பவும் சித்திரையில அந்தப் பக்கம்தான் முதல்ல வத்துது. குளம் தண்ணி பிடிக்கிறது அந்தக் களிப் படையாலதான், ஆழத்தால மட்டும் இல்லை.

"அப்ப வானை உயர்த்துவம்" எண்டு மெல்பேண் தம்பி எழுதியிருந்தார். வான் எண்டது குளம் நிறைஞ்சால் மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம். அதை உயர்த்தினால் ஆழம் கொஞ்சம்தான் கூடும், தண்ணி மேல் பக்கம் பரவும். பரந்த, ஆழமில்லாத தண்ணி வெயிலில ஆவியாப் போறதுதான் மிச்சம், மேல்காணிக்காரரும் சண்டைக்கு வருவினம். கட்டு அதைத் தாங்குமோ எண்டதும் இருக்கு. 2018 மார்கழியில கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில கிடந்ததை மறந்திருக்க மாட்டீங்கள். அதோட எங்கட குளம் 80 ஹெக்டயருக்குக் குறைய வயல் பாயுற சின்னக் குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ வருது. அவையின்ர அனுமதியும் கமக்காரர் அமைப்பின்ர சம்மதமும் இல்லாமல் நாங்கள் வட்ஸ்அப்பில முடிவெடுத்துப் பெக்கோ இறக்க ஏலாது.

நான் உண்மையா எழுத வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி.

விவசாயப் பாடம் எடுக்கிற ரீச்சர் என்னை ஒரு நாள் வரச் சொன்னவ. பத்தாம் வகுப்பு, பத்தொன்பது பிள்ளையள். மூண்டு பெரிய சோடாப் போத்தலை நெடுக்க வெட்டிப் படுக்க வைச்சிருந்தினம். ஒண்டில வெறும் மண், ஒண்டில மண்ணுக்கு மேல வைக்கல், மற்றதில புல்லு வளர்ந்த மண். மூண்டும் தம்பியின்ர காணி மண்தான் எண்டது பிறகு தெரிஞ்சது. ஒரே அளவு தண்ணியைப் பூவாளியால ஊத்தி, வாய்ப்பக்கம் வடிஞ்சதைக் கிளாசில பிடிச்சுத் தட்டில வரிசையா வைச்சினம். புல்லால வந்தது கிட்டத்தட்டத் தெளிஞ்ச தண்ணி. வைக்கலால வந்தது பிளேன்ரீ. வெறும் மண்ணால வந்தது, ஒரு பெடியன் சொன்ன மாதிரி, "அன்ரி, நல்ல தடிச்ச பால் தேத்தண்ணி". அரை மணித்தியாலம் கழிச்சுப் பார்த்தால் அந்தக் கிளாசின்ர அடியில ஒரு விரல் மொத்தத்துக்கு மண் அடைஞ்சிருந்தது. "இந்தக் கிளாஸ்தான் எங்கட குளம்" எண்டா ரீச்சர். வேற விளக்கம் குடுக்கேல்லை, தேவைப்படவும் இல்லை.

பிறகு எல்லாரும் தம்பியின்ர காணிக்கு. நிலத்தின்ர மட்டம் பார்க்க, கிளிசரியா (வேலிக்கு நடுற மரம்) தடி ரெண்டை முகடு மாதிரிக் கட்டி, நடுவில ஒரு குறுக்குத் தடி, முகட்டில இருந்து ஒரு நூல், நூல் நுனியில கல்லு. நூல் குறுக்குத் தடியில விழுற இடத்தைக் கரியால கீறி, தடிக் கால் ரெண்டையும் இடம் மாத்தி வைச்சுத் திரும்பவும் கீறினம். ரெண்டு கீறலுக்கும் நடுப்புள்ளி மட்டம். நூல் அந்தப் புள்ளியில விழுற மாதிரி ஒவ்வொரு எட்டா வைச்சு, கால் பட்ட இடமெல்லாம் குச்சி நட்டுக்கொண்டு போச்சினம். "தட்டை" எண்டு சொன்ன காணியில குச்சி வரிசை பாம்பு மாதிரி வளைஞ்சு போனது. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு நிண்டான். வேலியில இருந்து வேலிக்கு இடுப்பளவு இறக்கம்.

அந்தக் குச்சி வரிசையில வெட்டிவேரும், இடையிடையில கிளிசரியாவும் நடுறதுதான் ரீச்சரின்ர திட்டம். கிளிசரியாக் குழை மண்ணுக்கு நைதரசன் குடுக்கும், ஆட்டுக்கும் ஆகும். தம்பி வாற போகம் அந்த வரிசைக்குச் சமாந்தரமா உழுறன் எண்டிருக்கிறான். நாலு சில்லுக்காரன் திரும்ப இடமில்லை எண்டு கத்துவான். சமாளிக்கலாம். இன்னொண்டும் செய்தவை. சோடா மூடியில ஓட்டை போட்டு, ஆறங்குல ஆணியில கோத்து, ஆணித்தலை மூடியில முட்ட, மூடி நிலத்தில முட்ட அடிச்சு வைச்சிருக்கினம். மண் கரைஞ்சால் மூடி இறங்கும், தலைக்கும் மூடிக்கும் இடையில விழுற இடைவெளியை அடிமட்டத்தால அளந்து கொப்பியில எழுதுறது. மூடி மண்ணுக்குள்ள புதைஞ்சால் மேல இருந்து மண் வந்து சேர்ந்திருக்கு எண்டு அர்த்தம். நாப்பது ஆணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு, மிச்சம் ரெண்டு ரீச்சருக்கு. ஆணிக் காசு நான் குடுத்தது, அதைக் கணக்கில போட வேண்டாம்.

அதனால நான் கேக்கிறது: சேர்ந்த காசில பெக்கோவுக்கு எண்டு ஒதுக்கினதை இந்த வருசம் தொடாதேங்கோ. அதில ஒரு பங்கை மட்டும் அலைகரைப் புல்லுப் பட்டைக்கும், மருது, நாவல் கண்டுக்கும், மாடு மேயாமல் ரெண்டு வருசத்துக்கு அடைக்கிற வேலிக்கும், ரீச்சர் கேட்ட நாத்துமேடைக்கும் குடுப்பம். மேல் காணிக்காரர் பதினொரு பேர். அவையில ஏழு பேரின்ர பிள்ளையள் அந்த வகுப்பில படிக்குதுகள். நாங்கள் வெளிநாட்டில இருந்து சொன்னால் "காசு வைச்சிருக்கிற ஆக்கள் கதைக்கினம்" எண்டு கேப்பினம், விட்டிடுவினம். மகள் கொப்பியைக் கொண்டுவந்து "அப்பா, எங்கட காணியில இவ்வளவு போட்டுது" எண்டு காட்டினால் அந்தக் கதை வேற. வரவேற்பு வளைவுக்கு எண்டு பிரிச்ச காசைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் சண்டைதான் வரும்.

மண் வாறது குறைஞ்ச பிறகு தோண்டுறது சரி. அப்பவும் துருசு மட்டத்துக்கு மேல, களிப் படையைத் தொடாமல், கிண்டின வண்டலைக் கமக்காரர் தங்கட காணிக்கு ஏத்திக்கொண்டு போற மாதிரி.

நேற்று ரீச்சர் வட்ஸ்அப்பில ஒரு படம் அனுப்பியிருந்தா. ஏழாம் இலக்க ஆணி, தம்பியின்ர காணியின்ர கீழ் மூலை. தலைக்கும் மூடிக்கும் இடையில 9 மில்லிமீற்றர். கார்த்திகை இன்னும் முடியேல்லை. படத்தை இந்த மடலோட இணைச்சிருக்கிறன், பெரிசாக்கிப் பாருங்கோ, அடிமட்டம் பிடிச்சிருக்கிற கை வெளிக்குளத்துச் சித்தப்பாவின்ர பேத்தி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில எனக்கு வேலை நேரம். லண்டன் மச்சாள் இதை வாசிச்சு விடுவா, வாக்கும் எனக்காக அவவே போடட்டும்.

அன்புடன்,
சுவிசில இருந்து, பழைய பொருளாளர்