முல்லைக்கொடியை இடம் மாற்றியது: புதுப்பிப்பு

மதில் சுவரை இடித்துக் கட்டப்போகிறோம், அதையொட்டிய பழைய முல்லைக்கொடியைப் பெயர்த்து நட்டால் பிழைக்குமா என்று தை மாதம் கேட்டிருந்தேன். பிழைத்துவிட்டது!

முல்லைக்குக் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, ஜனவரிக் கடைசியில்தான் என்பதால் இரண்டு வேலையையும் சேர்த்தே முடித்தோம். தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு மேலே இருந்ததையெல்லாம் வெட்டினோம். “பச்சைக் கொடியை இப்படி மொட்டையடிக்கிறாயே” என்று அத்தைக்கு மனமே ஆறவில்லை. வேர் அறுபட்ட செடியால் அத்தனை இலைக்கும் நீர் ஏற்ற முடியாது, அத்தை! முந்தின மாலை நன்றாக நீர் பாய்ச்சி, மறுநாள் வேரைச் சுற்றியிருந்த தாய்மண்ணோடு தோண்டிச் சாக்கில் கட்டித் தூக்கினோம்.

மிச்சமிருந்த இலைகளும் உதிர்ந்தபோது பயந்தேன். நகத்தால் பட்டையை லேசாகக் கீறினேன், உள்ளே ஈரப்பச்சை. சில வாரங்களில் கணுவுக்குக் கணு அரிசிமுனை அளவு துளிர்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அதனால் மேற்கே தென்னங்கீற்றுத் தடுப்பு, தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு, அந்தியில் தண்ணீர். இப்போது பந்தல்காலைப் பற்றி ஏறுகிறது.

குண்டுமல்லி பற்றிக் கேட்டவருக்கு: அதற்குக் கவாத்து நவம்பர் கடைசியில், 50 செ.மீ. உயரத்தில். அதுவரை கத்தரியைத் தொடாதீர்கள்.