ஃபோர்ட்வின் ஊசி போட்டுப் போட்டு தொடை இறுகிப்போச்சு, சரியாகுமா?

தங்கச்சி_திருச்சி: எங்க அண்ணனுக்கு கணையத்துல கல்லு, வலி வந்தா துடிச்சுப் போயிடுவாரு, பக்கத்து கிளினிக்ல ஃபோர்ட்வின்னு ஒரு வலி ஊசி போட்டு விட்டாங்க, அப்புறம் வலி இல்லாட்டியும் ஊசி இல்லாம இருக்க முடியல, அவரே தொடையில போட்டுக்கறாரு, பல வருஷமாச்சு. இப்ப ரெண்டு தொடையும் மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு, ஊசியே இறங்க மாட்டேங்குது, முட்டி மடங்காம டாய்லெட்ல குத்த வெச்சு உட்கார முடியல. ஒரு புண்ணு ஆறவே இல்ல. எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விடலாமான்னு அம்மா கேக்குறாங்க.

பிசியோ_ராஜி: உருவவே உருவாதீங்கம்மா, புண்ணு வேற இருக்கு. ஃபோர்ட்வின்ல இருக்கற பென்டசோசின் மருந்து திரும்பத் திரும்ப ஒரே தசையில இறங்கினா தசை நார் செத்து அந்த இடத்துல தழும்பு வளந்துடும், சிலருக்கு சுண்ணாம்பு கூட படியும். செத்த தசை திரும்ப வராது, நேராவே சொல்றேன். ஆனா மிச்சம் இருக்கறத காப்பாத்தலாம். புண்ண டாக்டர் பாத்ததும் மெதுவா ஸ்ட்ரெச்சிங் ஆரம்பிக்கணும், வலுக்கட்டாயமா மடக்கக் கூடாது. ரொம்ப இறுகியிருந்தா எலும்பு டாக்டர் ஆபரேஷன்ல இறுகினத விடுவிப்பாங்க, அதுக்கப்புறமும் தினம் பயிற்சி பண்ணலேன்னா மறுபடி இறுகிடும். ஊசி நிக்காம இதெல்லாம் பண்ணி பிரயோஜனமே இல்ல.

சேலம்_அக்கா: என் வீட்டுக்காரருக்கு தோள்பட்டையில இதே கதை, கை உடம்போட ஒட்டாம விலகியே நிக்கும், சட்டை மாட்டவே நான் வேணும். மனநல டாக்டர்கிட்ட போனோம், ஊசிப் பழக்கத்த விடறதுக்கு நாக்குக்கு அடியில வெக்கிற புப்ரெனார்ஃபின் மாத்திரை குடுத்தாங்க. வித்ட்ராயல், அதாவது ஊசி இல்லாம உடம்பு படற அவஸ்தை, ஆரம்பிச்ச அப்புறம்தான் முதல் டோஸ், அதுக்கு முன்னாடி போட்டா அவஸ்தை ஜாஸ்தியாயிடுமாம், அதனால நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க. அண்ணன திட்டாதீங்க தங்கச்சி, திட்டினா ஒளிச்சு ஒளிச்சு போடுவாங்க. ஊசிய யாரோடவாவது பகிர்ந்திருந்தா எச்ஐவி, ஹெபடைடிஸ் சி டெஸ்ட்டும் எடுத்துடுங்க.

டியூட்டி_டாக்டர்: காய்ச்சல், புண்ணச் சுத்தி சிவப்பு, சீழ், இதுல ஒண்ணு இருந்தாலும் இன்னிக்கே கேஷுவாலிட்டி போங்க. கணைய வலிய விட்டுட்டு ஊசிய மட்டும் நிறுத்தச் சொன்னா அவரால முடியாது. குடல் டாக்டர பாருங்க, கல்ல எண்டோஸ்கோபி வழியா எடுக்க முடியுமான்னு பாப்பாங்க. போதை மறுவாழ்வுக்கு 14446, இலவச எண்.

தங்கச்சி_திருச்சி: காய்ச்சல் இல்ல டாக்டர், ஆனா சீழ் கொஞ்சம் இருக்கு. இப்பவே ஆட்டோ கூப்பிடறேன்.

டியூட்டி_டாக்டர்: போங்கம்மா. எந்த ஊசி, எவ்ளோ, கடைசியா எப்ப போட்டாருன்னு மறைக்காம சொல்லுங்க, வலிக்கு மருந்து குடுக்க அவங்களுக்கு அது தெரியணும்.