ஒரு காதில் கேட்டாலும் அதிர்கிறதே, இது பைனாரல் பீட்ஸ்தானா?

கேள்வி:
தூங்கப் போகும்போது கேட்க, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நானே பைனாரல் பீட்ஸ் (இரு காதுக்கும் சற்றே வேறுபட்ட ஒலி கொடுத்து ஒரு துடிப்பை உணர வைப்பது) செய்கிறேன். ஒரு டிராக்கில் 200 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் 204, இரண்டும் சைன் அலை. ஹெட்போனில் ‘வ்வும்... வ்வும்’ என்று ஏறி இறங்குகிறது. ஆனால் ஒரு பக்கத்தைக் கழற்றினாலும் அதே ஏற்ற இறக்கம். இது சரிதானா?

பதில் 1:
இல்லை. ஒரு காதில் ஏற்ற இறக்கமே இல்லாத ஒற்றை ஒலிதான் கேட்க வேண்டும். அந்த 4 ஹெர்ட்ஸ் துடிப்பு மூளைக்குள் உருவாவது. உங்களுக்கு இரண்டு சேனலும் கலந்துவிட்டன. ஒரு டிராக்கின் பான் ஸ்லைடரை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளுங்கள். அப்புறம் ஸ்டீரியோ வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

பதில் 2:
போன் செட்டிங்கில் ‘மோனோ ஆடியோ’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் எவ்வளவு பான் செய்தாலும் வீண்.

பதில் 3:
ஆம்ப்ளிட்யூடை (ஒலியின் அளவை) 0.8 என்றே விட்டுவிடாதீர்கள், வெறும் சைன் அலை காதைக் குடையும். நான் 0.1 வைத்து, அடியில் பிரவுன் நாய்ஸ் (அருவி போன்ற தாழ்ந்த இரைச்சல்) சேர்ப்பேன். தூக்கத்துக்கு பைனாரல் பீட்ஸ் உதவும் என்பதற்கான ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. எனக்கென்னவோ அந்த பிரவுன் நாய்ஸ்தான் தூங்க வைக்கிறது!