தகவல் அறியும் உரிமைச் சட்டம் சிங்கப்பூருக்கும் வேண்டுமா?

பிடோக் குமார்:
இந்தியாவில் 2005லிருந்து இந்தச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இங்கே கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் அரசாங்கத்தின் விருப்பம். நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசி:
சட்டம் வைத்து அங்கே என்ன கிழித்தார்கள் தம்பி? மேல்முறையீடு போட்டவர்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். இங்கே கேட்காமலேயே வருகிறது. தலைமைக் கணக்காய்வாளர் அமைச்சுகளின் ஓட்டைகளை வருடாவருடம் அறிக்கையாகப் போடுகிறார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலை 1990லிருந்து அரசாங்கத் தரவுத் தளத்தில் இருக்கிறது, எந்த புளோக், ஏறக்குறைய எத்தனையாவது மாடி, எத்தனை சதுர மீட்டர், குத்தகை எந்த வருடம் தொடங்கியது என்பது வரைக்கும்.

பிடோக் குமார்:
நல்ல விஷயம்தான் அண்ணே, ஆனால் அதெல்லாம் அவர்களாகக் கொடுக்க நினைத்தது. கொவிட் காலத்தில் யார் யார் அருகில் இருந்தோம் என்று பதிவுசெய்த டிரேஸ்டுகெதர் செயலியையும் கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் தொற்றுத் தடமறிய மட்டும் என்றார் அமைச்சர், அதை நம்பித்தான் என் அம்மா அந்தக் கருவியைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு ஈரச்சந்தைக்குப் போய் வந்தார். போலீஸ் அந்தத் தரவைக் கேட்டு வாங்கலாம் என்பது 2021 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் வெளியே வந்தது. அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். விஷயம் தெரிந்ததால்தானே அந்தக் கடிவாளம்?

உட்லண்ட்ஸ் வாசி:
நாடாளுமன்றத்தில் கேட்டதும் பதில் வந்ததே, அப்புறம் என்ன? எல்லாவற்றையும் திறந்து போட முடியாது. அரசாங்கக் கையிருப்பை முதலீடு செய்யும் ஜிஐசியிடம் மொத்தம் எவ்வளவு என்று சொல்லிவிட்டால் சிங்கப்பூர் வெள்ளி மீது பந்தயம் கட்டுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம்.

தெம்பனிஸ் மீனா:
கையிருப்பை யாரும் கேட்கவில்லை அண்ணே. இந்தியச் சட்டத்திலேயே பாதுகாப்புக்கும் பொருளாதார நலனுக்கும் 8ஆம் பிரிவில் விலக்கு உண்டு. எது ரகசியம் என்று யார் முடிவு செய்வது, அதுதான் என் கேள்வி. 1992ல் பொருளாதார வளர்ச்சியின் முதற்கட்ட மதிப்பீடு ஒன்று முன்கூட்டியே பத்திரிகையில் வந்துவிட்டது என்று அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டு, 1994ல் ஐந்து பேருக்கு அபராதம் விதித்தார்கள். அதில் ஒருவர் இன்றைய அதிபர் தர்மன். அந்த மாதிரி மதிப்பீட்டை இப்போது வர்த்தக தொழில் அமைச்சே காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது.

உட்லண்ட்ஸ் வாசி:
அது சரி. ஆனால் வேலையற்றவன் எல்லாம் மனு போட ஆரம்பித்தால் அதிகாரிகள் மற்ற வேலையை எப்போது பார்ப்பது? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பிடோக் குமார்:
வெட்டி மனுவைத் தாராளமாகத் தள்ளட்டும் அண்ணே. ஆனால் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுத் தள்ளட்டும், அந்தக் காரணம் நியாயமா என்று பார்க்க அந்த அமைச்சைச் சேராத ஒருவர் இருக்கட்டும்.