சூடேற்றும் படலம் பதித்த தகட்டில் அடுக்குப் பிரிவைக் கண்டறிவது எப்படி?

கேள்வி (நாகர்கோவில்): வணக்கம். போயிங் 787 இறக்கையின் முன்விளிம்பில் பனி படியாமலிருக்க மின்சாரத்தால் சூடேற்றுவதைப் போல, உள்ளே சூடேற்றும் படலம் பதித்த கண்ணாடியிழைத் தகடு ஒன்றை இறுதியாண்டுத் திட்டத்துக்காகச் செய்திருக்கிறோம். மின்சாரம் கொடுத்து அரைமணி நேரம் கழித்துத் தெர்மல் கேமராவில் பார்த்தால் படம் மங்கலாகவே தெரிகிறது. அடுக்குகள் பிரிந்த இடத்தை எப்படிக் கண்டறிவது?

மறுமொழி 1: தம்பி, அவ்வளவு நேரம் காத்திருப்பதுதான் சிக்கல். பிரிவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும் என்றாலும், நேரம் செல்லச் செல்ல வெப்பம் பக்கவாட்டில் பரவி அந்த வேறுபாட்டை மழுங்கடித்துவிடும். மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்தே தொடர்ச்சியாகப் பதிவு செய்யுங்கள். பிரிவு படலத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே இருந்தால் அவ்விடம் குளிர்ந்தும், படலத்துக்கு அடியில் இருந்தால், வெப்பம் கீழே இறங்க வழியில்லாததால், சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவும் தெரியும். படலமே சீராகச் சூடாகாமல் ஏமாற்றக்கூடும். எனவே பழுதில்லாத தகடொன்றின் படத்தோடு ஒப்பிடுவது நல்லது.

மறுமொழி 2: பளபளப்பான பரப்பு எதிரொளிப்பையே காட்டும், மங்கிய கறுப்பு வண்ணம் பூசுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயின் பலத்த காற்றில் வெளியே வைத்துச் சோதிக்கவே வேண்டாம். சந்தேகமான இடத்தை, ஃபைபர் படகைத் தட்டிப் பார்ப்பதுபோல, நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஆழத்திலுள்ள பிரிவுக்கு மீயொலிச் (அல்ட்ராசவுண்ட்) சோதனைதான் சரி.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. படலத்தின் மின்தடையை மட்டும் அளந்தால் போதாதா?

மறுமொழி 1: போதாது. படலம் கிழிந்தால்தான் மின்தடை தெளிவாக மாறும். அருகிலுள்ள அடுக்குகள் மட்டும் பிரிந்திருந்தால் மீட்டர் ஏறக்குறைய பழைய அளவையே காட்டும்.