அண்ணனின் குறட்டை (எங்கள் வீட்டுக் குழுவில் நேற்று பேசியது)

அண்ணி: எல்லோருக்கும் வணக்கம். நேற்று மதுரையிலிருந்து திரும்பும்போது விராலிமலை தாண்டியதும் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டார். வண்டி ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, நான் கத்தியதில்தான் விழித்தார். பின்னால் பிள்ளைகள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை.

அண்ணன்: ஒரு நொடிதான். ஆடிட் நேரம், வேலை அதிகம். பத்து மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறேன், தூக்கம் குறைவு என்று சொல்ல முடியாது.

மதுரை அத்தை: உடம்பு சூடாக இருக்கும் ராசா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ராத்திரி பாலில் கொஞ்சம் ஜாதிக்காய்ப் பொடி போட்டுக் குடி, அசந்து தூங்குவாய்.

சேலம் அக்கா: அவனுக்குத் தூக்கம் வராமல் இல்லை அத்தை. பொங்கலுக்கு வந்தபோது சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தவன் பேச்சுக்கு நடுவிலேயே தூங்கிப்போனான். தைராய்டு என்று தெரியும் முன் நானும் இப்படித்தான் இருந்தேன். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் பார்த்துவிடு தம்பி.

சித்தப்பா: ரத்தம் பார்க்கட்டும், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஏம்மா, குறட்டை ஒரே சீராக வருகிறதா, நின்று நின்று வருகிறதா?

அண்ணி: நின்று நின்றுதான் மாமா. சட்டென்று சத்தம் அடங்கிவிடும், நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. போன வாரம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், 22 நொடி. அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி ஒரு இழுப்பு, திரும்பவும் குறட்டை. காலையில் தலைவலி, வாய் காய்ந்திருக்கும்.

சித்தப்பா: எனக்கு இருந்ததும் இதேதான், ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி மூடிக்கொள்ளும், ஆக்ஸிஜன் இறங்கும், மூளை உலுக்கி எழுப்பும், ஆனால் எழுந்தது நமக்கு நினைவிருக்காது. மூச்சு 10 நொடியாவது நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5க்குக் கீழ் சாதாரணம், 30ஐத் தாண்டினால் கடுமை. எனக்கு 41. ஏழு மணி நேரம் படுத்திருந்தேனே தவிர தூங்கவில்லை. மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காமல் இருந்ததற்கும், ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போனதற்கும் இதிலும் பங்கு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முதலில் பார்த்த டாக்டர் வயசாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார், அதில் இரண்டு வருஷம் போனது.

நான்: அண்ணா, எப்வொர்த் கேள்விகள் என்று எட்டு இருக்கின்றன, 1991ல் ஆஸ்திரேலியாவில் ஒரு டாக்டர் உருவாக்கியது. உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கார் சிக்னலில் நிற்கும்போது என்று ஒவ்வொன்றிலும் தூங்கிப்போக எவ்வளவு வாய்ப்பு என 0 முதல் 3 வரை போட வேண்டும். மொத்தம் 10ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இப்போது அனுப்புகிறேன், உள்ளதை உள்ளபடி போடு.

அண்ணன்: 17.

அண்ணன்: சிக்னலில் தூங்கியிருக்கிறேன். பின்னால் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். ஆபீஸில் சோம்பேறி என்று பேர் வந்துவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

மதுரை அத்தை: இதைப் போய் மறைப்பாயா ராசா. அப்போ ஜாதிக்காய் வேண்டாமா?

சித்தப்பா: வேண்டாம் அக்கா. தம்பி, தூக்க மாத்திரையும் நீயாக வாங்கிப் போடாதே, சில மாத்திரைகளில் தொண்டை இன்னும் தளரும். நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பார். ஒரு ராத்திரி வயர் மாட்டித் தூங்கவைத்துப் பார்ப்பார்கள், சிலருக்கு வீட்டிலேயே செய்கிறார்கள். எனக்கு சிபாப் மிஷின், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சு வழியைத் திறந்தே வைத்திருக்கும். முதல் பத்து நாள் கழற்றி எறியத் தோன்றியது, கன்னத்தில் தடம் விழுந்தது, மாஸ்க் அளவு மாற்றியதும் சரியானது. ஒரு நாள் அலாரத்துக்கு முன்பே கண் விழித்தேன், தலை கனமே இல்லை. உன் சித்தியை எழுப்பிச் சொன்னேன்.

சித்தி: சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அண்ணன்: சரி சித்தப்பா. வியாழக்கிழமை லீவு போடுகிறேன்.

அண்ணி: அதுவரை கார் சாவி என்னிடம் இருக்கும். பஸ்ஸில் போகட்டும்.

சித்தப்பா: இன்று ராத்திரி ஒருக்களித்துப் படு. ஏம்மா, குறட்டை நின்று திரும்ப வருகிற இடத்தைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள், டாக்டரிடம் காட்டு.