நாளைக் காலை கால்வாய் ஓரம் நடக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவசரம்

வாட்ஃபர்டுக்குப் புதுசு (வெள்ளி, இரவு 9.40)
இங்கிலாந்து வந்து ஏழு வாரம் ஆகிறது. ஆபீஸில் நான்கு பேர் நாளை 10 மணிக்கு நடக்கப் போகிறார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். முதலில் பார்க், அப்புறம் கால்வாய் ஓரம், கடைசியில் பப்பில் சாப்பாடு. யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். இப்போது வயிற்றைக் கலக்குகிறது. என்னிடம் இருப்பது ஆபீஸ் ஷூவும் ஒரு கேன்வாஸ் ஷூவும்தான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா?

கோட்டுக்காரர்
தம்பி, ஷூவை விடுங்கள், முதலில் நல்ல கோட் வாங்குங்கள். நான் வந்த வருஷம், 2009 பிப்ரவரி 2, லண்டனில் பஸ்களையே நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு பனி. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒற்றை ஸ்வெட்டரோடு ஒரு மணி நேரம் நடந்து போனேன். போய்ப் பார்த்தால் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. கதவில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. அதே ஒரு மணி நேரம் திரும்பி நடந்தேன். இன்றைக்கு என்னிடம் மூன்று கோட் இருக்கிறது.

லெஸ்டர் அக்கா
கேட்டது ஷூ, சொல்வது கோட். நவம்பர் கடைசி, கால்வாய் ஓரம் சேறு நிச்சயம். கணுக்கால் வரை வரும், தண்ணீர் புகாத பூட்ஸ் வேண்டும். காலையில் கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு போங்கள்.

வழுக்கி விழுந்தவன்
அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். புது பூட்ஸோடு முதல் நாளே மைல் கணக்கில் நடந்தால் குதிகாலில் கொப்புளம்தான். கேன்வாஸே போதும். தடித்த காலுறை போட்டுக்கொண்டு, பையில் இன்னொரு ஜோடி வையுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் சாயங்காலம் வரை காயாது.

லெஸ்டர் அக்கா
கேன்வாஸா! பத்தாவது நிமிஷமே சொதசொதவென்று ஆகிவிடும். ஜீன்ஸ் போட்டுத்தான் நான் பன்னிரண்டு வருஷமாக நடக்கிறேன்.

நைட் ஷிஃப்ட்
இவர்கள் 'கொஞ்சம் சேறு' என்றால் முழங்கால் வரை, 'இதோ அடுத்த வளைவில்' என்றால் இன்னும் அரை மணி நேரம். முதல் குளிர்காலத்தில் என்னையும் இப்படித்தான் கூட்டிப்போனார்கள். நாலு மணிக்கே இருட்டு. பப்பில் ஆளுக்கு ஒரு சுற்று எல்லாருக்கும் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. சும்மா உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன், அப்புறம் கூப்பிடவே இல்லை.

கோட்டுக்காரர்
பரவாயில்லை, உங்களை ஒரு தடவையாவது கூப்பிட்டார்கள். வாடகை கட்டியது போக எனக்குப் பப்புக்கு ஏது காசு? மாடி வீட்டில் ஒரே ஹீட்டர், அதுவும்...

பாலம் எண்ணுபவர்
ஹீட்டர் கதைக்குத் தனி இழை திறங்கள். கேட்டவருக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எந்த கால்வாய், எங்கிருந்து எங்கே, கூட வேறு யாராவது வருகிறார்களா? இதில் ஒன்றையும் நீங்கள் சொல்லவில்லையே.

வாட்ஃபர்டுக்குப் புதுசு
மன்னிக்கவும். காஸியோபரி பார்க்கில் ஆரம்பித்து கிங்ஸ் லாங்லி வரை. இன்னொன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு நாளை டியூட்டி, அதனால் இரண்டு வயதுப் பையனைத் தள்ளுவண்டியில் கூட்டிப்போக வேண்டும். இது அவர்களுக்குத் தெரியாது. அப்புறம், நான் தம்பி இல்லை, தங்கச்சி.

லெஸ்டர் அக்கா
அடடா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பூட்ஸ் பற்றிப் பேசியே இருக்க மாட்டேனே!

பாலம் எண்ணுபவர்
சரிம்மா, பொய் சொல்ல வேண்டாம். 'பையனும் வருகிறான், தள்ளுவண்டியோடு' என்று இப்போதே ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். வழியில் வேலியை ஏறித் தாண்டும் மரப்படி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கால்வாயை விட்டு வயல் வழியாகக் குறுக்கே போனால்தான் அது வரும், வண்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பார்க் உங்களுக்குச் சுலபம், நடைபாதை நன்றாக இருக்கும். ஒரு காலத்தில் எசெக்ஸ் பிரபுக்களின் தோட்டம் அது, மாளிகையை 1927இல் இடித்துவிட்டார்கள். மேற்கு ஓரத்தில் கிராண்ட் யூனியன் கால்வாய், அங்கேயே அயர்ன் பிரிட்ஜ் லாக். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீர் விட்டு மேலே ஏற்றுவார்கள். பையனுக்கு அது போதும், ஆனால் கதவைத் தள்ளும் நீள மரத்தில் உட்கார வைக்காதீர்கள். முடியாது என்று தோன்றினால் அங்கேயே விடைபெற்றுத் திரும்பலாம். பார்க்கிலிருந்து மெட்ரோபாலிட்டன் லைன் வாட்ஃபர்ட் ஸ்டேஷன் நடக்கும் தூரம்தான்.

அதற்கு மேல் படகை இழுக்கக் குதிரை நடந்த பாதை. அதனால் பெரும்பாலும் சமதளம், லாக் பக்கத்திலும் பாலத்தடியிலும் மட்டும் சரிவும் குறுகலும். தண்ணீர்ப் பக்கம் தடுப்பு கிடையாது. நின்று பேசும்போது பிரேக் போட்டு, வண்டியைத் தண்ணீருக்கு நேராக இல்லாமல் பாதையின் நீளவாக்கில் நிறுத்துங்கள். கைப்பட்டை இருந்தால் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். சைக்கிள் மணி கேட்டால் பதற வேண்டாம், அங்கே நடப்பவருக்குத்தான் முன்னுரிமை. ஒவ்வொரு பாலத்திலும் எண் பலகை இருக்கும், கடைசியாகப் பார்த்ததை நினைவில் வையுங்கள். ஏதாவது ஆகி 999க்குப் போன் செய்தால் எங்கே என்பதற்கு அதுதான் பதில். தலைக்கு மேல் எம் 25 சாலைப் பாலம் வந்துவிட்டால் கிங்ஸ் லாங்லி பக்கம். அங்கிருந்து வாட்ஃபர்ட் ஜங்ஷனுக்கு ரயில் உண்டு, சனிக்கிழமை ஓடுகிறதா என்று இன்றிரவே பார்த்துவிடுங்கள்.

ஷூ விஷயத்தில் வழுக்கி விழுந்தவன் சொன்னதே சரி.

வழுக்கி விழுந்தவன்
இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறேன்.

வாட்ஃபர்டுக்குப் புதுசு (சனி, மாலை 5.15)
போய் வந்துவிட்டேன். ராத்திரியே மெசேஜ் போட்டேன், ஒருவர் தன் மகளைச் சுமந்த பழைய முதுகுப் பையைக் கொண்டுவந்துவிட்டார். லாக் தாண்டியதும் வண்டியை மடித்துவிட்டோம், பையன் அவர் முதுகில். ஒரு படகு எங்களைவிட மெதுவாகப் போனது, அதன் புகைபோக்கியைப் பார்த்து 'ரயில், ரயில்' என்று கடைசி வரை கத்தினான். ஒரு காலுறை எங்கோ விழுந்துவிட்டது. பப்பில் இரண்டாவது சுற்று நான் வாங்கினேன். வண்டிச் சக்கரம் முழுக்கச் சேறு, இதை இப்போதே கழுவவா?

லெஸ்டர் அக்கா
வேண்டாம், காயட்டும். அப்புறம் பழைய பல் பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும்.